நெம்ப நல்லாருக்குதுங்

கோயம்புத்தூர் கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருந்த ஆறுச்சாமிக்கு ஒரு வியாதி இருந்தது. எதைக் காட்டி எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் அவர் வாயில் ஒரே பதில்தான் வரும்: "நெம்ப நல்லாருக்குதுங்."

நம் பக்கத்து மரியாதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சண்டை போட்டால்கூட 'ங்க' போட்டுத்தான் சட்டையைப் பிடிப்போம். ஆனால் ஆறுச்சாமி நமக்கெல்லாம் நாலு படி மேலே போனவர். தையல்காரர் ஒரு கால் நீளமாகவும் ஒரு கால் குட்டையாகவும் தைத்துக் கொடுத்த பேண்ட்டைப் போட்டுப் பார்த்து, "நெம்ப நல்லாருக்குதுங்" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த மனிதரும் சந்தோஷப்பட்டு அடுத்த பேண்ட்டையும் அதே அளவில் தைத்துவிட்டார். கல்யாணமான புதிதில் மனைவி பாவாத்தாள் கேழ்வரகு உப்புமா கிளறி வைத்தாள். வாயில் போட்டால் பல்லில் ஒட்டும், பல்லிலிருந்து பிரித்தால் அண்ணத்தில் ஒட்டும். எப்படி இருக்கிறது என்று பாவாத்தாள் ஆசையாகக் கேட்டாள். அவர் வழக்கமான பதிலைச் சொன்னார். அன்றிலிருந்து மகள் பொற்கொடி கல்யாண வயதுக்கு வரும்வரை வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த வீட்டில் கேழ்வரகு உப்புமாதான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் தவளையைவிட மோசம். தவளையாவது மழைக்குத்தான் கத்தும்.

அப்படிப்பட்டவர் தம் ஆயுளில் ஒரே ஒரு முறை திருடினார். அதுவும் உயிர்ச் சிநேகிதனிடம்.

அந்தச் சிநேகிதர் செங்கோட்டையன். உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பும் தேங்காய் மண்டியும் உள்ளவர். மீசை அரிவாள் போல் இரண்டு பக்கமும் இறங்கியிருக்கும், மனசு இளநீர். இரண்டு பேருக்கும் மீசை சரியாக முளைக்காத காலத்தில், உடைந்த பம்புசெட் ஷாஃப்டைத் தூக்கிக்கொண்டு கணபதிக்கு வந்தார் செங்கோட்டையன். அதை இழைத்துக் கொடுத்த தொழில் பழகும் பையன் ஆறுச்சாமி. ஷாஃப்ட் தயாரான பிறகும் செங்கோட்டையன் கிளம்பாமல் பேசிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அன்று ஆரம்பித்த பேச்சுதான். உறவு ஒன்றும் கிடையாது, ஆனாலும் ஒருவரை ஒருவர் 'மாப்ள' என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள், கூடவே 'ங்க'வும் போட்டுக்கொண்டார்கள்.

தலை நரைத்த பிறகு செங்கோட்டையனுக்குப் பாட்டுப் பைத்தியம் பிடித்தது. கேட்கிற பைத்தியமாக இருந்தால் பரவாயில்லை. அவரே பாட்டுக் கட்டி, அவரே ராகம் போட்டு, அவரே பாடினார். காந்திபுரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய், ஆர்மோனியக்காரரையும் தபலாக்காரரையும் வைத்து ஒரு கேசட்டே பதிவு செய்துவிட்டார். கேசட்டின் மேலேயே கூலிங்கிளாஸ் போட்ட அவருடைய போட்டோ. முதல் பாட்டு இப்படித் தொடங்கும்:

"அமராவதித் தண்ணியெல்லாம் அலையடிச்சு வருகுது,
அம்மணியே உன்ற நெனப்பு தென்னைமரம் ஏறுது."

வரிகள்கூடப் பரவாயில்லை. அந்தக் குரல்தான் தாங்காது. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டால் மோட்டார் காற்று இழுக்கும். அப்போது ஒரு சத்தம் வரும், கேட்டிருப்பீர்கள். ஆறுச்சாமி பம்பு வேலைக்காரர். அந்தச் சத்தம் காதில் விழுந்தாலே அவர் கை தானாகச் சுவிட்சைத் தேடும். செங்கோட்டையனின் அம்பாசிடர் காரில் முதன்முதலாக அந்தக் கேசட்டைக் கேட்டபோதும் அவர் கை டேஷ்போர்டு வரை போய்விட்டுத் திரும்பி வந்தது.

"எப்புடீங் மாப்ள?" என்று கேட்டார் செங்கோட்டையன்.

"நெம்ப நல்லாருக்குதுங்."

"நெசமாவா?"

"நெசமாத்தானுங்."

"அப்பொப் பொற்கொடி கல்யாணத்துல மைக்செட்ல இதையே போட்டுரலாமுங். நானே செட்டுக்காரங்கிட்டச் சொல்லிப்போடறேன்."

ஆறுச்சாமி வீட்டுக்கு வந்து சொன்னதும் பொற்கொடி அழாத குறை. "அப்பா, அந்தப் பாட்டைப் போட்டா மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க தாலி கட்டறதுக்கு மின்னாலயே எந்திரிச்சுப் போயிருவாங்க. நீங்களே மாமாகிட்டச் சொல்லிருங்" என்றாள். சொல்கிறேன் என்று அவரும் தலையாட்டினார். பட்டறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து லேத்துக்கு முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்தார். "மாப்ள, பாட்டு நல்லால்லீங்." லேத்திடம் சுத்தமாகச் சொல்ல முடிந்தது. மறுநாள் செங்கோட்டையன் முகத்தைப் பார்த்ததும், "பாட்டு ந..." வரைக்கும் வந்து, "...நல்லாருக்குதுங்" என்று முடிந்துவிட்டது.

வேறு வழி? அடுத்த முறை இருவரும் காரில் போகும்போது, செங்கோட்டையன் பெட்ரோல் பங்கில் இறங்கி டயருக்குக் காற்று அடிப்பதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுச்சாமி பட்டனை அமுக்கினார். கேசட் துள்ளி வெளியே வந்தது. சட்டைக்குள் போட்டுக்கொண்டார். அன்று மாலை அது பட்டறையில் ஒரு பழைய கிரீஸ் டப்பாவுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

கல்யாணம் அமைதியாக நடந்தது. மேளக்காரர்கள் மட்டும் வாசித்தார்கள், யாரும் எழுந்து போகவில்லை. ஆனால் செங்கோட்டையன் மைக்செட்டுக்குப் பக்கத்திலேயே தொங்கிய முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். பந்தியில் உட்கார்ந்தவர் பாயசத்தைக்கூடத் தொடாமல் எழுந்துவிட்டார். ஒரு பாட்டுக்கு மனுசன் இப்படியா உடைந்துபோவார் என்று ஆறுச்சாமிக்குப் புரியவே இல்லை. கல்யாணம்தான் முடிந்துவிட்டதே, சத்தமில்லாமல் திருப்பி வைத்துவிடலாம் என்று அப்போதே முடிவு செய்தார்.

அதற்கு ஏற்ற மாதிரி ஒரு நாள் பட்டறைக்கு போன் வந்தது. "மாப்ள, கோயமுத்தூரு வாரேன். அவிநாசி ரோட்டுல புதுசா ஒரு சைனீஸ் ஓட்டல் தொறந்திருக்காங்களாமா. மத்தியானம் அங்க போலாமுங். ஒருக்காத் தின்னுதான் பாப்போமே" என்றார் செங்கோட்டையன்.

ஆறுச்சாமி கேசட்டை எடுத்துக் கிரீஸைத் துடைத்து, சட்டைப் பையில் வைத்து, மேலே கைக்குட்டையைத் திணித்துக்கொண்டார். காரில் ஏறுகிறபோது சீட்டுச் சந்தில் நழுவ விட்டுவிட்டால் போதும். 'அட, இங்கயே கெடக்குதுங்' என்று இன்னொரு நாள் தாமே கண்டெடுத்துக் கொடுக்கலாம். திட்டம் நெம்ப நன்றாகத்தான் இருந்தது.

காரில் ஏறி உட்கார்ந்ததும் செங்கோட்டையன் சொன்னார்: "கேசட்டுத் தேடறக்குச் சீட்டையெல்லாம் கழட்டி வெளிய போட்டுப் பாத்துப்போட்டேனுங் மாப்ள. கால்மிதிக்கு அடியில, டிக்கியில, ஒரு எடங்கூட உடலீங். கார்ல இல்லவே இல்லீங். ஆரோ எடுத்துப்போட்டான்."

சீட்டுச் சந்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆறுச்சாமியின் கை முழங்காலுக்குத் திரும்பி வந்தது.

"இன்னொரு காப்பி ஸ்டுடியோவுல இருக்குமில்லீங்?"

"அதைய அழிச்சு, அது மேல ஆரோ வேற பாட்டுப் பதிஞ்சுபோட்டானாமுங். ஒலகத்துலயே அது ஒண்ணுதான்."

ஓட்டலுக்குள் நுழைந்தால் நட்ட நடு மத்தியானத்தில் இருட்டு. ஏசி குளிர், உத்தரத்தில் சிவப்புக் காகித விளக்குகள், சுவரெல்லாம் வாய் பிளந்த பாம்பு மாதிரி ஏதோ ஒரு மிருகம். பரிமாறுகிறவர் நாற்பது வயதுக்காரர். கழுத்துப் பட்டி வைத்த சிவப்புப் பட்டுச் சட்டை, முதுகில் அதே மிருகம், நெற்றியில் பட்டை விபூதி. "வாங்கண்ணா, உக்காருங்" என்றதிலேயே அவர் பக்கத்துக் காரமடைக்காரர் என்று தெரிந்துபோயிற்று.

"சைனாக்காரர்தான் சமைக்கறாருங்களா?" என்று கேட்டார் செங்கோட்டையன்.

"மாஸ்டர் நேப்பாளமுங்கண்ணா. சைனாவுக்குப் பக்கந்தானுங்."

அது போதும் என்று செங்கோட்டையன் திருப்தியடைந்தார். மேசையில் இரண்டிரண்டு குச்சிகள் வைத்திருந்தார்கள். ஆறுச்சாமி ஒன்றை எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீட்டிப் பார்த்தார். "நுனிக்குப் போகப் போகச் சிறுக்கற டேப்பர் சுத்தமா வந்திருக்குதுங் மாப்ள. லேத்துல போட்டு இழைச்சாப்ல இருக்குது." செங்கோட்டையன் இன்னொன்றை எடுத்துச் சட்டைக் காலருக்குள் விட்டு, வெகுநாளாகக் கை எட்டாமல் இருந்த ஓர் இடத்தைச் சுகமாகச் சொறிந்துகொண்டார்.

"எனக்குக் காரம் ஆகாதுங். ஒரு வெரதம்" என்று பரிமாறுகிறவரிடம் சொல்லி, ஸ்வீட்கார்ன் சூப்பும் காரமில்லாத நூடுல்ஸும் கேட்டார் செங்கோட்டையன். ஆறுச்சாமிக்கு ஃப்ரைடு ரைஸும் கோபி மஞ்சூரியனும்.

"வெரதமா? என்ன வெரதமுங்?"

"சாப்பாடு வரட்டுமுங், சொல்றேன்."

சாப்பாடு வந்தது. ஃப்ரைடு ரைஸை ஒரு வாய் போட்டார் ஆறுச்சாமி. சப்பென்று இருந்தது. தாளிக்க மறந்த சோறு மாதிரி. "எப்படி இருக்குதுங்கண்ணா?" என்று பரிமாறுகிறவர் குனிந்து கேட்டார். என்ன சொன்னார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் நகர்ந்ததும் ஆறுச்சாமி மேசையைத் துழாவினார். ஒரு சின்னக் கிண்ணத்தில் செக்கச்செவேலென்று கெட்டியாக ஏதோ இருந்தது. சோற்றோடு கிண்ணத்தில் சிவப்பாக ஒன்று வந்தால் அது குழம்பு. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? இத்தனூண்டு குழம்பு எப்படிக் காணும், சைனாக்காரர்கள் கஞ்சர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கிண்ணம் முழுவதையும் சோற்றின் மேல் கவிழ்த்து, கரண்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, கையால் நன்றாகப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். முதலில் கொஞ்சம் இனிப்பாகவும் புளிப்பாகவும் இருந்தது. பூண்டு வாசம் வேறு. பரவாயில்லையே என்று நாலைந்து கவளம் உள்ளே தள்ளினார்.

அப்போதுதான் செங்கோட்டையன் குனிந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "செவ்வாக்கெழமை ஆனமலை போயிட்டு வந்தேனுங் மாப்ள."

"மாசாணி கோயலுக்குங்களா?"

"ஆமாங். மொளகா அரைச்சுப் பூசிப்போட்டு வந்துட்டேன்."

ஆறுச்சாமியின் கை பாதி வழியில் நின்றது. ஆனைமலை மாசாணியம்மனைப் பற்றி நம் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. திருட்டுக் கொடுத்தவர்கள் அங்கே போய், சிவப்பு மிளகாயை அரைத்து நீதிக்கல்லில் அப்பிவிட்டு வருவார்கள். அந்த எரிச்சல் எடுத்தவனைப் போய்ச் சேரும். எங்கே ஒளிந்தாலும் விடாது. தொலைத்த மாட்டைத் திரும்பப் பெற்றவர்கள், நகையைத் திரும்பப் பெற்றவர்கள் என்று ஊருக்கு நாலு பேர் சாட்சி இருப்பார்கள்.

"கேசட்டு கெடைக்கற வரைக்கும் நானும் காரந் தொடறதில்லைன்னு வேண்டிக்கிட்டேனுங். எடுத்தவன் ஆரோ, இன்னேரம் அவன் தொண்டையில புடிச்சு வகுறு வரைக்கும் பத்திக்கிட்டு எரியும் பாருங்" என்று சொல்லிவிட்டுச் செங்கோட்டையன் சூப்பை உறிஞ்சினார்.

சொல்லி வாயை மூடவில்லை, ஆறுச்சாமியின் தொண்டையில் பிடித்தது நெருப்பு.

முதலில் நாக்கு, பிறகு அண்ணம், பிறகு காது. காதுக்குள்ளிருந்து ஆவி வருகிற மாதிரி இருந்தது. விக்கல் எடுத்தது. தண்ணீர் குடித்தார், நெருப்பு இன்னும் கீழே இறங்கியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. பிசைந்த கையால் துடைத்தார். அவ்வளவுதான், இரண்டு கண்ணும் போயிற்று. ஏசி குளிரில் சட்டை தொப்பலாக நனைந்தது.

"என்னாச்சுங் மாப்ள?"

ஆறுச்சாமியின் மனசு மடமடவென்று கணக்குப் போட்டது. செவ்வாய்க்கிழமை. அன்றுதானே ட்ரில் பிட் ஒடிந்தது? அன்றுதானே வாசற்படியில் கால் விரல் இடித்து நகம் பெயர்ந்தது? வியாழக்கிழமை லேத்து பெல்ட் அறுந்தது. நேற்று ராத்திரி பல்லி தலையில் விழுந்தது. எல்லாம் மாசாணி அனுப்பிய ஆள்கள்! இன்று அவளே நேரில் வந்துவிட்டாள். எதிரில் உட்கார்ந்திருக்கிற செங்கோட்டையனும் இதே மேசையில்தான் சாப்பிடுகிறார், அவருக்கு ஒன்றுமில்லையே. எரிகிறது திருடனுக்கு மட்டும்தானே.

முப்பது வருடச் சிநேகிதம் போனால் போகிறது என்று நினைக்க அவருக்கு மனசு வரவில்லை. ஆனால் உயிர் போகும்போலிருந்தது. சட்டைப் பையில் கையை விட்டு, கைக்குட்டையை உருவி எறிந்து, கேசட்டை எடுத்துச் சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கூலிங்கிளாஸ் போட்ட செங்கோட்டையன் கேசட்டின் மேலிருந்து பார்த்தார். கூலிங்கிளாஸ் போடாத செங்கோட்டையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தானுங் எடுத்தேன். ஆத்தாகிட்டச் சொல்லி நிறுத்தச் சொல்லுங்!"

செங்கோட்டையன் சூப்புக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நீங்களா?" என்றார் செங்கோட்டையன். மீசை ஆடியது. "ஏனுங் மாப்ள?"

வாழ்நாளில் ஆறுச்சாமிக்குக் கிடைத்த ஒரே தருணம் அது. உண்மை நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அந்த நாக்குதான் வெந்துபோய்க் கிடந்ததே! எதிரில் அந்தப் பெரிய மீசை, அழப்போகிற குழந்தை மாதிரித் துடித்துக்கொண்டிருந்தது. பழகிய வாய் பழகிய வழியிலேயே போயிற்று.

"அவ்வளவு நல்லாருந்துச்சுங் மாப்ள. நானே வெச்சுக்கோணும்னு ஆசை வந்துபோச்சு."

செங்கோட்டையன் கண் கலங்கிவிட்டார். எழுந்து வந்து ஆறுச்சாமியின் ஈரத் தோளைக் கட்டிக்கொண்டார். "அட மாப்ள! கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனே! இப்புடியொரு பிரியமா? ஐயோ, உங்களுக்குப் போயி மொளகா அரைச்சுப்போட்டனே. எந்திரிங், எந்திரிங். ஒடனே ஆனமலை போயி எண்ணெய்க்காப்புச் செஞ்சு ஆத்தாளைக் குளிர வெக்கோணும். நான் போயி வண்டியத் திருப்பறேன், நீங்க வாங்க" என்று கேசட்டை எடுத்துக்கொண்டு, கவுன்டரில் காசைக் கொடுத்துவிட்டு ஓடினார்.

ஆறுச்சாமி தள்ளாடி எழுந்தார். மேசையைத் துடைக்க வந்த காரமடைக்காரர் காலிக் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தார். பிறகு ஆறுச்சாமியின் முகத்தைப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, இந்தச் சாஸையெல்லாம் சோத்துல ஊத்தித் தின்னுபோட்டீங்களா?"

"கொழம்புதானுங்களே?"

"ஐயோ சாமி! அது மொளகாயும் பூண்டும் அரைச்சதுங். குச்சி நுனியில தொட்டுக்கறதுங். நேத்துக்கூட ஒருத்தர் இப்படித்தான் கொழம்புன்னு ஊத்தித் தின்னு அழுதுக்கிட்டே போனாரு. இருங், தயிர் கொண்டாறேன்."

ஆறுச்சாமி அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாஸ்! ஒரு கிண்ணம் சாஸுக்குப் பயந்து ஒப்புக்கொண்டாயிற்று. வாசலில் அம்பாசிடர் ஆரன் அடித்தது.

ஆனைமலைக்குப் பொள்ளாச்சி வழியாகத்தான் போக வேண்டும். கோயம்புத்தூர் எல்லை தாண்டுவதற்குள் செங்கோட்டையன் ஒரு கடையில் நிறுத்தி நல்லெண்ணெய் வாங்கிக்கொண்டார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கேசட்டை உள்ளே தள்ளினார்.

"இவ்வளவு பிரியம் வெச்சிருக்கறீங்க. போற வழியெல்லாம் கேட்டுக்கிட்டே போலாமுங்."

திருடனுக்குக் கொடுக்கிற தண்டனையில் இப்படி ஒன்றை எந்த நீதிபதியும் யோசித்திருக்க மாட்டார். அமராவதித் தண்ணி அலையடித்து வந்தது. நினைப்பு தென்னைமரம் ஏறியது. கிணத்துக்கடவு போவதற்குள் முதல் பக்கம் முடிந்தது. செங்கோட்டையன் திருப்பிப் போட்டார். ஆறுச்சாமி கண்ணை மூடிக்கொண்டு, மாசாணி, நீ சாஸாகவே இருந்திருக்கலாம், இப்படி நேரில் இறங்கியிருக்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டார்.

இரண்டாம் பக்கத்தின் கடைசி வரைக்கும் இதுவரை யாரும் போனதில்லை. எல்லோரும் அதற்கு முன்னாலேயே நல்லாருக்குதுங் என்று சொல்லிவிட்டு அவசர வேலை இருப்பதாக இறங்கிவிடுவார்கள். ஆறுச்சாமியும் அப்படித்தான். ஓடுகிற காரில் இப்போது இறங்க முடியவில்லை. பொள்ளாச்சி நெருங்கும்போது ஆர்மோனியம் நின்றது. பாட்டு இல்லாமல் வெறும் பேச்சுக் குரல் வந்தது. செங்கோட்டையன்தான் கேசட்டுக்குள் கூச்சத்தோடு செருமிக்கொண்டார்.

"இந்தக் கடைசிப் பாட்டு, என்ற மாப்ள ஆறுச்சாமி மகள் பொற்கொடி கல்யாணத்துக்குன்னு நான் கட்டுனதுங். மத்தவிங்க எல்லாரும் மரியாதைக்கு நல்லாருக்குதுன்னு சொல்லிருவாங்க, அது எனக்குத் தெரியுமுங். என்ற மாப்ள மட்டும் எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டாரு. அவரு நல்லாருக்குதுன்னு சொன்னா அது போதுமுங்."

பிறகு பாட்டு தொடங்கியது. அதுவும் காற்றுத்தான் இழுத்தது. ஆனால் ஆறுச்சாமிக்குக் கை சுவிட்சைத் தேடவில்லை. பாயசத்தைத் தொடாமல் பந்தியிலிருந்து எழுந்த மனுசன் ஞாபகத்துக்கு வந்தார். மகளுக்கென்று கட்டிய பாட்டைக் கிரீஸ் டப்பாவில் போட்டு மூடி வைத்தோமே என்று நெஞ்சு வெந்தது. இந்த எரிச்சலுக்கு எந்தச் சாஸின் மேலும் பழி போட முடியாது.

"எப்புடீங் மாப்ள, இது?" என்று ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார் செங்கோட்டையன். "இதையத்தான் மண்டபத்துல போடோணும்னு ஆசைப்பட்டேன்."

"மாப்ள."

"சொல்லுங்."

"நல்லால்லீங்."

கார் ஒரு குலுங்கு குலுங்கி நேரானது.

"காத்து இழுக்குதுங். இதுவும் இழுக்குது, மத்த பாட்டும் இழுக்குது. ஆசைப்பட்டு எடுத்தேன்னு சொன்னது பொய்யுங். கல்யாணத்துல போட்டுறக்கூடாதுன்னுதான் எடுத்தேன். பொற்கொடிக்குன்னு கட்டுனீங்கன்னு தெரியாதுங். தெரிஞ்சிருந்தா..." தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று அவருக்கே தெரியவில்லை.

செங்கோட்டையன் கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினார். ஆனைமலை வரைக்கும் இன்ஜின் சத்தம்தான். இத்தனை நாளும் அந்தக் காரில் பாட்டு எப்போது நிற்கும் என்று காத்திருந்த ஆறுச்சாமிக்கு, இன்று அது நின்றதுதான் தாங்க முடியவில்லை. போச்சு, முப்பது வருடமும் போச்சு என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தென்னந்தோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

கோயிலில் அன்று கூட்டம் அதிகமில்லை. நீதிக்கல்லில் யார் யாரோ அரைத்துப் பூசிய மிளகாய் சிவந்து காய்ந்திருந்தது. ஒரு பெண்மணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே இன்னும் அரைத்துக்கொண்டிருந்தார். படுத்திருக்கும் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, பூசாரியிடம் எண்ணெயைக் கொடுத்தார் செங்கோட்டையன்.

"காரியம் முடிஞ்சுதுங்களா? ஆளு கெடைச்சானா?" என்று பூசாரி கேட்டார்.

செங்கோட்டையன் பக்கத்தில் நின்ற ஆறுச்சாமியை ஒரு பார்வை பார்த்தார். "கெடைச்சுதுங். நம்ம ஆளுதான்" என்றார்.

திரும்பி வந்து காரில் உட்கார்ந்ததும் அவர் சாவியைத் திருப்பவில்லை. ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடச் சொல்லலாமா என்று ஆறுச்சாமி யோசித்தார்.

"மாசாணி கெட்டிக்காரியுங் மாப்ள" என்றார் செங்கோட்டையன் கடைசியில். "நான் கேட்டது கேசட்ட மட்டுந்தான். அவ நெசத்தையும் சேத்துக் குடுத்துப்போட்டா."

"அது மாசாணி இல்லீங். ஓட்டல்ல அந்தச் சாஸை நான் கொழம்புன்னு நெனச்சு..." என்று ஆறுச்சாமி நடந்ததைச் சொன்னார். உண்மை ஒருமுறை வந்துவிட்டால் அடுத்தடுத்து வந்துவிடும்போல.

கேட்டுக்கொண்டிருந்த செங்கோட்டையனின் மீசை முதலில் ஒரு பக்கம் ஆடியது, பிறகு மறுபக்கமும் ஆடியது. அப்புறம் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். ஆரன் தானாக அடித்தது. கோயிலுக்குப் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கிண்ணத்தோடவா ஊத்துனீங்?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். ஆறுச்சாமியும் சிரித்தார், வயிற்றில் இன்னும் மிச்சமிருந்த எரிச்சலோடு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு செங்கோட்டையன் கேசட்டைப் பின்னால் ஓட்டினார். "அந்தக் கடைசிப் பாட்டுங். எங்கெங்க காத்து இழுக்குதுன்னு சொல்லுங், பாப்போம். இன்னிக்கு உங்களைக் கணபதியிலயே கொண்டாந்து உடறேன்."

பாட்டு ஓடியது. ஆறுச்சாமி தலையைச் சாய்த்து, மோட்டார் சத்தம் கேட்கிற மாதிரி காது கொடுத்துக் கேட்டார். "இங்கீங்" என்றார். செங்கோட்டையன் நிறுத்திப் பின்னால் ஓட்டி, அதே வரியைத் தாமும் ஒருமுறை பாடிப் பார்த்தார். "இப்பொ?" "இப்பொ இன்னும் மோசமுங்." பொள்ளாச்சி தாண்டியது, கிணத்துக்கடவு தாண்டியது. இங்கீங், அங்கீங், அந்தா அந்த இழுப்புங் என்று ஆறுச்சாமி சொல்லிக்கொண்டே வந்தார். இத்தனை 'நல்லால்லீங்' அவர் பிறந்ததிலிருந்து சொன்னதில்லை. வாயே லேசாகிவிட்ட மாதிரி இருந்தது.

கணபதிக்குள் கார் நுழையும்போது செங்கோட்டையன் கொஞ்சம் தயங்கிக் கேட்டார்: "அப்பொ ஒரு எடங்கூட நல்லா இல்லீங்களா மாப்ள?"

ஆறுச்சாமி பாட்டை மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார். ஓரிடத்தில் கையைத் தூக்கினார்.

"இந்த எடமுங். பொற்கொடி பேரைச் சொல்றீங்களே, அங்க."

"அங்க காத்து இழுக்கலீங்களா?"

"இல்லீங். அங்க தண்ணி வருதுங் மாப்ள" என்றார் ஆறுச்சாமி. "நெம்ப நல்லாருக்குதுங்."

செங்கோட்டையன் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை போட்டார்.